பெட்டி ஒன்றுதான் கொடுத்தது

என் வீட்டுக்காரரை நான்தான் கொன்றேன் என்று என் நாத்தனார் நம்புகிறாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் ஒன்றும் செவிடு இல்லை. அதைவிடக் கொடுமை, நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தம்பியின் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு நடந்த நாள்வரைக்கும்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறவன். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், "அவன் முடிக்கும்போது சொல்கிறேன்" என்பேன். அவன் சேர்ந்தபோது எனக்கு ஒரு நரைமுடி இல்லை. பிறகு கறுப்பைத்தான் தேட வேண்டியிருந்தது, அவன் இன்னும் மாணவனாகவே இருந்தான். அவனுடைய குழு செய்தது ஒரு மாத்திரைப் பெட்டி. வயதானவர்களுக்கும் மறதிக்காரர்களுக்கும் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும். ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறைக்கு ஒரு மாத்திரை. நேரம் வந்ததும் பெட்டி கத்தும், சக்கரம் ஓர் அறை நகரும், கீழே இருக்கும் கிண்ணத்தில் மாத்திரை விழும். விழுந்ததும் 'கொடுத்தாயிற்று' என்று பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டருக்குத் தகவல் போய்விடும்.

பெட்டியைச் செய்வது பெரிய காரியமே இல்லையாம். அதற்குள் ஓடும் மென்பொருளைச் செய்வதும், அது எந்த நிலையிலும் தப்புப் பண்ணாமல் ஓடுகிறதா என்று சோதிப்பதும்தான் ஆராய்ச்சியாம். இதைத் தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளை ஆட்டி ஆட்டி விளக்குவான். அவன் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்ட நாட்களுக்குக் கணக்கே இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கை பட்ட லிஃப்ட்தான் ஓடுகிறது. இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்று வேலையை நிறுத்தச் சொன்னார்கள், பிறகு மூளையில் ஒரு சின்ன அடைப்பு வந்தது, அதோடு மறதியும் வந்தது. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "நான் பல் தேய்ச்சேனா?" என்று கேட்பார். "வாயை ஊதுங்க பார்ப்போம்" என்பேன். இதயத்தை நிதானமாக அடிக்கவைக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். "ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணுதான்மா. இது கூடினா ஆளைச் சாய்ச்சிடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலையில் ஆறேழு பேர் என் உயிரை வாங்கக் காத்திருப்பார்கள். மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே இன்னொருவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் பார்க்க முடியாது.

அதனால்தான் தம்பி, "அக்கா, உங்க வீட்டையும் சோதனை வீடா சேர்த்துக்கறேன்" என்றபோது நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இவருக்கும் பெட்டியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மோட்டார் எங்கே, ஃபியூஸ் எங்கே என்று அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மச்சான் கொண்டுவந்தது என்பதால் அதற்குச் சின்ன மச்சான் என்று பெயர் வைத்தார். அது கத்தியதும், "இதோ வரேன் மச்சான், கழுத்தை அறுக்காதே" என்று பதில் சொல்லிக்கொண்டே போவார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரே ஒரு விதி இருந்தது. தம்பி அதைச் சமையலறைச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தான். கரண்ட் இல்லாமல் பெட்டி ஊமையாகிவிட்டால் சாவியால் மூடியைத் திறந்து, அன்றைய மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, கரண்ட் வந்ததும் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். 'கையால் கொடுத்தாயிற்று' என்று அதற்கு அர்த்தம். அழுத்த மறந்தால் பெட்டி தன் பங்குக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடும். மூடி திறந்தது பெட்டிக்குத் தானாகத் தெரியாதா என்று கேட்டேன். அதற்கு ஒரு சென்சார் வேண்டும், இந்த வருட நிதியில் அது இல்லை என்றான். பல்கலைக்கழகத்தில் எதைக் கேட்டாலும் அது அடுத்த வருட நிதியில்தான் இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்த மழை வாரம் வரும்வரை.

காற்றும் மழையும் பேயாட்டம் ஆடின. கரண்ட் போவதும் வருவதுமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குமட்டுகிறது என்றார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் விளக்கைப் பார்த்து, "என்ன இது, பல்பு மஞ்சளா எரியுது?" என்றார். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவர் விடவில்லை. மழையில் நனைந்துகொண்டு போய்ப் புது பல்பு வாங்கி வந்து மாட்டினேன். "இதுவும் மஞ்சள்தான், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். மாத்திரை அளவுக்கு மேல் போனால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "மாத்திரை யார் குடுக்கறது?" என்பதுதான். நானும் நாத்தனாரும் தம்பியும் நின்றிருந்தோம். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கி வந்தான். வாரக் கடைசிவரை நிறைந்திருக்க வேண்டிய அறைகள் காலியாகக் கிடந்தன. மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் பதிவைப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க நாளுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்றுதான் இருந்தது. சிவப்புப் பொத்தான் ஒரு தடவைகூட அழுத்தப்படவில்லை.

"அக்கா, கரண்ட் போனப்போ சாவி போட்டுத் திறந்தியா?"

"போன மாசம் திறந்தேன்டா. பொத்தானை அழுத்தினேனே."

"இந்த வாரம்?"

"இல்லன்னு நெனைக்கறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா."

யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. முதலில் திறக்கவே இல்லை என்றுதான் தோன்றியது. அவன் கேட்கக் கேட்க, ஒருவேளை அந்தப் புதன்கிழமை, அதற்கு மறுநாளும்கூட என்று தோன்றியது. பிறகு சாவி என் விரலில் குளிர்ச்சியாகப் பட்டதுகூட நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நான் மூடியைத் திறந்ததும், மாத்திரையை எடுத்ததும், போன் வந்ததும், பொத்தானை மறந்ததும் சினிமா மாதிரி எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "நான்தான்டா. நான்தான் மறந்துட்டேன்" என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கு வேணா நடக்கலாம்க்கா. மனுஷங்கதானே. நீ வேணும்னா செஞ்ச?" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதன் பிறகு உயிரோடு இருந்தேன். உலகத்தில் எனக்காகப் பேச அவன் ஒருத்தன் இருந்தான்.

நாத்தனார் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். காகிதத்தில் இல்லாத எதையும் அவள் நம்ப மாட்டாள். எல்லாம் முடிந்த சில நாட்களில் தம்பியைக் கூப்பிட்டு, "எங்க அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு தம்பி" என்றாள். அவன் அந்த வாரத்துப் பதிவை அச்சடித்துக் கொண்டுபோய், வரி வரியாக விரல் வைத்துக் காட்டி, "பெட்டி ஒண்ணுதான் குடுத்திருக்கு பாருங்க. மிஷின் பொய் சொல்லாது" என்றான். அவள் கேட்டுக்கொண்டபடி கீழே கையெழுத்தும் போட்டான். அவள் அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களா?" என்பாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கேட்பது போல.

நானும் காரில் உட்காருவதை நிறுத்தினேன். கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். தன் கை என்ன செய்தது என்றே தெரியாதவள் அதில் கால் வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை லாரிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போகலாமா? டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மேஜை வேலை கொடுத்தார். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். என் வாயைக் கண்டால் நடுங்கிய பழைய மாணவர்கள் சிலர் வந்து, "என்ன மேடம், இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார்கள். திட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

இப்படியே இருந்தபோதுதான் தம்பியின் வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்றான். "நீ வரணும்க்கா. நீ இல்லாம எனக்கு யாரு?" என்றான். அவனுக்கு நான்தான் சட்டை வாங்கிக் கொடுத்தேன். வெளிர் நீலம், அவனுக்கு எடுப்பாக இருந்தது.

அந்த அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. முன் வரிசையில் தேர்வாளர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் தம்பியின் பேராசிரியர், பின்னால் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சில மாணவர்கள், கடைசியில் நான். தம்பி நன்றாகத்தான் பேசினான். திரையில் பெட்டியின் படம் வந்தது. பிறகு சோதனை வீடுகள் பற்றிய பக்கம் வந்தது. எல்லா வீடுகளிலும் சரியாக வேலை செய்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'ஒரு வீட்டில் மட்டும் கூடுதல் மாத்திரை: பயன்படுத்தியவரின் தவறு' என்று ஒரு வரி. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அந்த வரியில் ஒரு கூடுதல் மாத்திரையாக இருந்தார், நான் ஒரு தவறாக இருந்தேன். தம்பி அந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டான். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறான் என்று நினைத்து உருகினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. புரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நீங்க கடைசியில எல்லா டெஸ்டையும் பட்டியல் போட்டிருக்கீங்க. நல்ல விஷயம், நிறைய பேர் போடறதில்ல. அதுல ஒரே ஒரு டெஸ்டுக்கு மட்டும் மூணு வாய்ப்புன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?"

தம்பி தண்ணீர் குடித்தான். "அது கொஞ்சம் கிறுக்கு டெஸ்ட் மேடம். சில நேரம் தோத்துடும். மறுபடி ஓட்டினா ஜெயிச்சிடும். மூணுல ஒரு தடவை ஜெயிச்சா பச்சை, அதாவது பாஸ்னு வெச்சுக்கிட்டோம். எல்லா லேபுலயும் இருக்கற வழக்கம்தான். இல்லன்னா வேலையே நகராது."

பின்னால் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. பேராசிரியரும் லேசாகச் சிரித்தார்.

"ஆமா, எங்க லேபுலயும் இந்தக் கூத்து உண்டு" என்றார் அந்த அம்மாள். "அந்த டெஸ்ட் எதைப் பாக்குது?"

"கரண்ட் போயிட்டு வந்த பிறகு பெட்டி நடந்துக்கறதை."

"அதாவது?"

"மாத்திரை விழுந்து, விழுந்துச்சுன்னு பதிவாகறதுக்குள்ள கரண்ட் போயிட்டா... திரும்ப வந்ததும் அதே வேளைக்கு இன்னொண்ணு குடுக்காம இருக்கான்னு."

"சரி. தோத்துடும்னா என்ன அர்த்தம்? இன்னொண்ணு குடுத்துடும்னா?"

தம்பி மெல்லத் தலையாட்டினான். அந்த அம்மாள் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பதிவுல அது எப்படித் தெரியும்? ரெண்டுன்னா?"

"இல்ல மேடம். முதல்ல குடுத்தது பதிவாகியிருக்காதே. ஒண்ணுன்னுதான் தெரியும்."

"இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

"இல்ல. சரி பண்ணியாச்சு."

"எப்போ?"

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மழைக்காலத்துல" என்றான்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் என் தம்பியின் முகம் தெரியும். பாட்டிலை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்ட வயதிலிருந்து தெரியும். அந்த அம்மாள், "இதை ஆய்வேட்டுல விளக்கமா எழுதணும்" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அறையில் வேறு யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. எனக்கு மட்டும் காது அடைத்துப்போனது.

முதலில் வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொல்கிறேன். நான் இல்லை, நான் இல்லை, என் கை இல்லை என்று உள்ளே ஒரு கூத்தாட்டம். எழுந்து அந்த அம்மாளின் மூக்கு வடியும் முகத்தில் முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. அவர் போய்விட்டார், நான் இதற்குச் சந்தோஷப்படுகிறேன். வெட்கம் போன பிறகு வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை.

எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே பேசினார்கள். பிறகு கதவைத் திறந்து தம்பியின் கையைக் குலுக்கினார்கள். சின்னச் சின்னத் திருத்தங்களோடு பட்டம் உண்டாம். மாணவர்கள் கைதட்டினார்கள். பேராசிரியர் என்னிடம் வந்து, "உங்க தம்பி தங்கம்" என்றார். எல்லாரும் கலைந்த பிறகு படிக்கட்டுத் திருப்பத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"உனக்கு எப்போடா தெரியும்?"

"அக்கா..."

"எப்போ?"

"மாமா போன அந்த வாரமே. எனக்கு மனசு கேக்கல. லேபுல தனியா உக்காந்து கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கி ஓட்டிப் பார்த்தேன். சில தடவை சரியா இருந்துச்சு. சில தடவை ரெண்டு விழுந்துச்சு."

"கையெழுத்துப் போட்டியே, அது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். பின்னால்தான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"உடனே சரி பண்ணிட்டேன்க்கா. மத்த வீட்டுப் பெட்டியெல்லாம் ஒரே நாள்ல மாத்திட்டேன். வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"எனக்கு ஆச்சேடா."

"சொன்னா எல்லாத்தையும் நிறுத்திடுவாங்கன்னு பயந்தேன். இத்தனை வருஷம் போயிடும். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... நான் உன்மேல பழி போடலக்கா. நீயாதான் 'நான்தான்'னு சொன்ன."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை எழுந்தது. நான் வாங்கிக் கொடுத்த சட்டையில் நின்றுகொண்டிருந்தான், பட்டம் வாங்கியவன், கண் கலங்கி, சின்னப் பிள்ளை மாதிரி. அடிக்க முடியவில்லை. அழுகைதான் வந்தது.

"நீ என்னை மன்னிச்சியேடா" என்றேன். "அந்த வராந்தாவுல என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மனுஷங்கதானேன்னு சொன்னியே. அப்போ உனக்குத் தெரியாது, சரி. அதுக்கப்புறம் எத்தனை தடவைடா அதையே சொன்ன? நான் அழும்போதெல்லாம் சொன்னியே. நான் செய்யாத தப்புக்கு நீ என்னை மன்னிச்சுக்கிட்டே இருந்தியே. எப்படிடா வாய் வந்துச்சு?"

கீழேயிருந்து ஏறி வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே ஒதுங்கிப் போனார்.

அவன் காலில் விழவில்லை, நல்லவேளை. "நான் என்ன செய்யணும்க்கா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஆள் என்னை மறுபடி அண்ணி என்று கூப்பிட வேண்டும். "வா" என்றேன்.

நாத்தனாரின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. நாங்கள் போனபோது கடையில் கூட்டமில்லை. அவள் நகல் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா தம்பி. முடிஞ்சிடுச்சா? பட்டம் வந்துடுச்சா?" என்றாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

தம்பி பூசி மெழுகவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெட்டிதான் இரண்டு கொடுத்தது, அக்கா மூடியைத் திறக்கவே இல்லை, சோதனையில் முன்பே தெரிந்தும் நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டோம், தெரிந்த பிறகும் பட்டம் போய்விடும் என்று நான் மறைத்தேன் என்றான். குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தித் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி சொன்னான். நான் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணியை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, லேமினேட் செய்த அந்தத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா அந்தப் பதிவே தப்பு. பெட்டி முதல்ல குடுத்ததைப் பதியறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. அதனால..."

"பெட்டி ஒண்ணுதான் குடுத்துச்சுன்னு நீதான் வரி வரியாக் காட்டின. மிஷின் பொய் சொல்லாதுன்னு நீதான் சொன்ன."

"அப்போ நான் சொன்னதுதான் பொய்."

"அப்போ பட்டம் வரல. பொய் சொல்லி உனக்கு ஆக வேண்டியது இருந்துச்சுன்னு இப்போ சொல்ற. இப்போ பட்டம் வந்துடுச்சு. இனிமே நீ என்ன சொன்னாலும் உனக்கு நஷ்டமில்ல. அப்படித்தானே?"

நான், "அவன் உண்மையைத்தான் சொல்றான்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போல இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தாளின் மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தாள். கோபமில்லை அவளுக்கு. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் கண்ணில் இருந்தது தம்பி மேல் ஒரு பிரியம்.

"உங்க அக்கா ரொம்ப அழுதாங்களா?"

"அதுக்காக இல்லங்க. நிஜமாவே..."

"போதும் தம்பி. எனக்குப் புரியுது." அவனுடைய கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "அக்கா படற பாட்டைப் பார்த்துப் பொறுக்காம பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கற. கூடப் பொறந்தவன்னா இப்படித்தான் இருக்கணும். எனக்கும் ஒருத்தர் இருந்தார்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு யாரோ கடைக்கு வந்தார்கள், எத்தனை நகல் வேண்டும் என்று நாத்தனார் கேட்டாள், நாங்கள் இரண்டு பேரும் அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றோம்.